குழிக்குள் மாட்டிய எலக்ட்ரான்: ஆற்றல் குழிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் இயற்பியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பெட்டியில்தான் தொடங்குகிறார்கள்: இரண்டு பக்கமும் தாண்டவே முடியாத சுவர், நடுவில் ஒரு துகள். துகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல்களை, அதாவது மட்டங்களை, வருவித்து, தேர்வில் எழுதி, அத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. விஷயமே அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. சுவரைக் கொஞ்சம் தாழ்த்தினால், சரிவாக்கினால், நடுவில் ஒரு மேடு வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும்போதுதான் அணு, மூலக்கூறு, அணுக்கரு, லேசர் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு என்று தெரியவரும். மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். சமன்பாடுகளை எழுதப்போவதில்லை, ஆனால் எண்களை விடமாட்டேன். அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகான எலக்ட்ரான் வோல்ட் என்பதை எ.வோ. என்று சுருக்கி எழுதுகிறேன்.

ஆற்றல் குழி என்றால் என்ன?

ஒரு துகளின் நிலையாற்றல் ஓரிடத்தில் குறைவாகவும் சுற்றிலும் அதிகமாகவும் இருந்தால் அதுதான் ஆற்றல் குழி. கண்ணால் பார்க்கிற பள்ளம் அல்ல, இடத்துக்கு எதிராக நிலையாற்றலை வரைந்தால் வரைபடத்தில் தெரிகிற பள்ளம். புரோட்டான் எலக்ட்ரானை ஈர்ப்பதால் அதைச் சுற்றி ஒரு குழி இருக்கிறது. அணுக்கருவின் வலுவிசை நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் ஒரு குழி. காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியின் மெல்லிய படலத்தை அலுமினியம் கலந்த அதே பொருளின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைத்தால் படலத்துக்குள் இருக்கும் எலக்ட்ரானுக்கு அது ஒரு குழி, இதை மனிதர்களே செய்து வைக்கிறோம்.

குழிக்குள் ஏன் சில ஆற்றல்கள் மட்டும் அனுமதிக்கப்படுகின்றன?

துகளை விவரிப்பது ஒரு அலை, அந்த அலை குழிக்குள் அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். இரண்டு முனையும் கட்டிய வீணைத் தந்தியில் அரை அலை, ஒரு முழு அலை, ஒன்றரை அலை என்றுதான் பொருந்தும், நடுவில் எதுவும் நிற்காது. அதே மாதிரி குழிக்குள்ளும் பொருந்துகிற அலைகள் மட்டுமே நிலைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆற்றல்.

குவாண்டம் என்றாலே ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. எங்கும் அடைபடாமல் சுதந்திரமாகப் போகிற எலக்ட்ரான் எந்த ஆற்றலையும் வைத்துக்கொள்ளலாம். படிகள் வருவது அடைபடுவதால். ஒரே எலக்ட்ரான் குழிக்குள் படிகளில் இருக்கும், குழியை விட்டு மேலே வந்துவிட்டால் படிகள் மறைந்து தொடர்ச்சியாகிவிடும்.

தாண்ட முடியாத சுவர் கொண்ட பெட்டியில் மட்டங்கள் எப்படி இருக்கும்?

1 நானோமீட்டர் அகலப் பெட்டியில் ஒரு எலக்ட்ரான் என்றால் முதல் மட்டம் 0.376 எ.வோ., இரண்டாவது 1.50, மூன்றாவது 3.38. அதாவது 1, 4, 9 என்ற விகிதம். மேலே போகப் போக இடைவெளி விரிந்துகொண்டே போகும். அகலத்தைப் பாதியாக்கினால் எல்லா மட்டங்களும் நான்கு மடங்காகும். எலக்ட்ரானுக்குப் பதில் புரோட்டானை வைத்தால் 1836 மடங்கு சிறுக்கும், ஏனென்றால் ஆற்றல் நிறைக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது.

இதிலிருந்தே அன்றாடப் பொருட்களில் ஏன் இது தெரிவதில்லை என்பதும் வந்துவிடும். 1 கிராம் குண்டு ஒன்று 10 செ.மீ. பெட்டிக்குள் நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் உருண்டால், அது ஏறத்தாழ 3×10²⁷ என்ற எண்ணுள்ள மட்டத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த மட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம் எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாத அளவு சிறியது.

ஏன் ஆற்றல் பூஜ்யமாக இருக்க முடியாது?

பூஜ்ய இயக்க ஆற்றல் என்றால் அலை எங்கும் வளையாமல் தட்டையாக இருக்க வேண்டும், ஆனால் சுவரில் அது பூஜ்யமாகியே தீர வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க ஒரே வழி அலையே இல்லாமல் போவது, அப்படியானால் துகளும் இல்லை. ஹெய்சன்பெர்க்கின் நிச்சயமின்மைக் கொள்கை வழியாகவும் இதே இடத்துக்கு வரலாம்: இடம் ஒரு அளவுக்குள் அடங்கிவிட்டால் உந்தம் சிதறியே இருக்கும்.

இது வெறும் கணக்கு வித்தை இல்லை, அளந்து பார்த்த விஷயம். ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க 4.478 எ.வோ. வேண்டும், கன ஹைட்ரஜனான டியூட்டீரிய மூலக்கூறைப் பிரிக்க 4.556 எ.வோ. வேண்டும். இரண்டிலும் மின்விசை ஒன்றே, அதனால் குழி கிட்டத்தட்ட அச்சு அசல் ஒன்றே. டியூட்டீரியத்தின் நிறை கூடுதல் என்பதால் அதன் அடிமட்டம், அதாவது மிகத் தாழ்ந்த மட்டம், குழியின் அடியை ஒட்டிக் கீழே உட்கார்ந்திருக்கிறது, வெளியே ஏற அதிகம் தூக்க வேண்டியிருக்கிறது. அந்த 0.078 எ.வோ. வித்தியாசம் முழுக்க அடிமட்ட ஆற்றலின் கைவரிசை. திரவ ஹீலியத்தைச் சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் உறையாது, ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் திண்மமாகும். அணுக்களின் இந்த அடிமட்ட அசைவு அவற்றைக் கட்டிப்போட விடுவதில்லை.

நிஜத்தில் சுவருக்கு ஒரு உயரம் இருக்குமே, அப்போது என்ன மாறும்?

நிறைய மாறும், முக்கியமான எல்லாமே இங்கே வருகிறது. பாடத்திட்டம் என் கையில் இருந்தால் இந்தக் குழியைத்தான் முதலில் நடத்துவேன்.

அதே 1 நானோமீட்டர் அகலம், ஆனால் சுவரின் உயரம் 1 எ.வோ. மட்டும் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் இரண்டே இரண்டு மட்டங்கள்தான் உள்ளே தங்குகின்றன: ஒன்று ஏறத்தாழ 0.19 எ.வோ., இன்னொன்று 0.70 எ.வோ. முடிவில்லாத சுவர் இருந்தபோது இவை 0.376, 1.50 என்று இருந்தன. பாதியாகிவிட்டன! காரணம், அலை சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடுவதில்லை, சுவருக்குள்ளும் கொஞ்ச தூரம் நுழைந்து மெல்ல மெல்லத் தேய்கிறது. அப்படியானால் அலைக்குக் கிடைத்த இடம் கூடிவிட்டது, அலைநீளம் நீண்டுவிட்டது, ஆற்றல் இறங்கிவிட்டது.

எவ்வளவு தூரம் நுழையும் என்பது சுவரின் உச்சிக்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன குழியில் கீழ்மட்டத்தின் வால், அதாவது சுவருக்குள் தேய்கிற பகுதி, 0.22 நானோமீட்டருக்கு ஒருமுறை சுமார் 2.7 மடங்கு குறைகிறது, மேல்மட்டத்துக்கு அந்த தூரம் 0.36 நானோமீட்டர். விளிம்புக்கு அருகே இருக்கிற மட்டம் அதிகம் கசியும் என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுவருக்குள் இருக்கும்போது இயக்க ஆற்றல் எதிர்மறையாகிவிடுமே, அது எப்படி?

மொத்த ஆற்றலிலிருந்து நிலையாற்றலைக் கழித்தால் எதிர்மறை எண் வருகிறது என்பது உண்மை. ஆனால் துகள் அந்த வால் பகுதிக்குள்தான் இருக்கிறது என்று அளந்து உறுதிப்படுத்தப் போனால், அவ்வளவு சிறிய இடத்தில் அதைப் பிடிப்பதே அதன் ஆற்றலைக் குறைந்தபட்சம் அந்தப் பற்றாக்குறை அளவுக்குக் கலைத்துவிடும். எதிர்மறை இயக்க ஆற்றலோடு ஒரு துகளை யாரும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது.

ஆழம் குறைந்த குழியில் மட்டமே இல்லாமல் போகுமா?

எத்தனை பரிமாணம் என்பதைப் பொறுத்தது. ஒரு பரிமாணத்தில் இரண்டு பக்கமும் சம உயரமுள்ள குழி எவ்வளவு ஆழம் குறைந்ததாக இருந்தாலும் ஒரு மட்டமாவது இருந்தே தீரும். இரண்டு பரிமாணத்திலும் இருக்கும், ஆனால் விளிம்பை ஒட்டி மிக மெலிதாகத் தொங்கிக்கொண்டிருக்கும். முப்பரிமாணத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஆழத்தை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருகிற எண் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் முதல் மட்டமே பிறக்கும். ஆழம் மட்டும் போதாது, அகலம் மட்டும் போதாது.

டியூட்டீரியத்தின் அணுக்கருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான். குழியின் ஆழம் சுமார் 35 மில்லியன் எ.வோ., ஆனால் பிணைப்பு ஆற்றல் வெறும் 2.22 மில்லியன் எ.வோ. அவ்வளவு ஆழமான குழியில் ஒரே ஒரு மட்டம், அதுவும் விளிம்புக்குப் பக்கத்தில். அதனால் இரண்டு துகள்களும் வலுவிசையின் எல்லைக்கு வெளியே இருப்பதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய பாதி. இரண்டு நியூட்ரான்கள் மட்டும் சேர்ந்தால் இந்த ஒரு மட்டமும் கிடைப்பதில்லை.

ஹீலியம் இன்னும் விசித்திரம். இரண்டு ஹீலியம்-4 அணுக்களுக்கு இடையே ஒரு சின்ன ஈர்ப்புக் குழி இருக்கிறது, வெப்பநிலை அளவில் சொன்னால் 11 கெல்வின் ஆழம். அதில் தங்குகிற ஒரே மட்டம் விளிம்புக்குக் கீழே ஒரு கெல்வினின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு தூரத்தில் இருக்கிறது. அதனால் அந்த மூலக்கூறில் இரண்டு அணுக்களின் சராசரி இடைவெளி 5 நானோமீட்டர் அளவுக்குப் போய்விடுகிறது, சாதாரண மூலக்கூறில் இது 0.1 அல்லது 0.2 நானோமீட்டர்தான். நிறை குறைந்த ஹீலியம்-3 அணுக்கள் இரண்டைச் சேர்த்தால் அதே குழியில் மட்டமே இல்லை, மூலக்கூறும் இல்லை.

குழியின் வடிவம் மாறினால் மட்டங்களின் இடைவெளி எப்படி மாறும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஆற்றல் ஏற ஏற அலைக்குக் கிடைக்கிற இடம் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது?

செங்குத்துச் சுவர் பெட்டியில் இடம் கூடுவதே இல்லை. மேல்மட்டத்துக்கும் அதே 1 நானோமீட்டர்தான். ஒவ்வொரு புது அரை அலையும் அதே இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு நுழைய வேண்டும், அதற்கான விலை ஏறிக்கொண்டே போகும், இடைவெளி விரியும்.

பரவளையக் குழி, அதாவது சுருள்வில்லின் நிலையாற்றல் போன்ற வடிவம், மேலே போகப் போக அகலமாகிறது. அந்த அகலமும் நெரிசலும் ஒன்றையொன்று சரிக்கட்டி மட்டங்கள் சம இடைவெளியில் வந்துவிடுகின்றன. எந்த வழுவழுப்பான குழியாக இருந்தாலும் அதன் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் பரவளையமாகத்தான் தெரியும், அதனால்தான் இந்தச் சம இடைவெளி மூலக்கூறு அதிர்வு முதல் திண்மப் பொருட்களின் அதிர்வு வரை எங்கு பார்த்தாலும் வருகிறது.

நேர்கோட்டுச் சரிவு இருந்தால் இடம் இன்னும் வேகமாகக் கூடுகிறது, மட்டங்கள் மேலே போகப் போக நெருங்குகின்றன. இதற்கு நான் மிகவும் ரசிக்கிற சோதனை ஒன்று இருக்கிறது. பிரான்சின் கிரெனோபிளில் உள்ள லாவே-லாஞ்செவன் நிறுவனத்தில் மிகக் குளிர்ந்த நியூட்ரான்களை ஒரு வழவழப்பான கண்ணாடியின் மேல் ஓடவிட்டார்கள். கீழே கண்ணாடி எதிரொளிக்கிறது, மேலே புவியீர்ப்பு இழுக்கிறது: ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் நேர்கோட்டுச் சரிவு. நம் காலுக்கடியில் இருக்கிற அதே புவியீர்ப்பு செய்கிற குழி! 2002-இல் நெஸ்விஷெவ்ஸ்கியும் குழுவினரும் அதில் மட்டங்கள் இருப்பதற்கான சான்றை வெளியிட்டார்கள். முதல் மட்டம் 1.41, இரண்டாவது 2.46, மூன்றாவது 3.32, அலகு எ.வோ.-வின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. முதல் இடைவெளி 1.05, அடுத்தது 0.86, குறைந்துகொண்டே போவது தெரிகிறதா? உயரத்தில் சொன்னால் முதல் மட்டம் கண்ணாடிக்கு மேல் சுமார் 13.7 மைக்ரோமீட்டர், இரண்டாவது 24 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனை விடக் குறைவு, ஆனாலும் நியூட்ரானின் உலகத்தில் அது பிரம்மாண்டமான தூரம்.

ஹைட்ரஜன் அணுவின் குழி மேலே போகப் போக வாயை முழுவதுமாக விரித்துவிடுகிறது. மட்டங்கள் விளிம்புக்குக் கீழே 13.6, 3.4, 1.51, 0.85 எ.வோ. என்று நெருங்கி நெருங்கி, விளிம்புக்கு அடியில் எண்ணற்றவையாகக் குவிகின்றன.

இதைத் திருப்பியும் செய்யலாம். நிறமாலையில் கோடுகளை அளந்து, இடைவெளிகளை வைத்து, யாரும் நேரில் பார்க்க முடியாத குழியின் வடிவத்தையே வரைந்துவிடலாம். ஈரணு மூலக்கூறுகளுக்கு ரிட்பெர்க், க்ளைன், ரீஸ் மூவரின் பெயரால் வழங்கும் முறை இதைத்தான் செய்கிறது.

மூலக்கூறு அதிர்வில் மட்டங்கள் உண்மையிலேயே சம இடைவெளியில் இருக்கின்றனவா?

கிட்டத்தட்ட. கார்பன் மோனாக்சைடு முதல் படி ஏற 2143 என்ற அலை எண் (ஒரு செ.மீ.-க்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) கொண்ட அகச்சிவப்பு ஒளியை உட்கொள்கிறது, அலகு செ.மீ.⁻¹, ஆற்றலில் 0.266 எ.வோ. சம இடைவெளி என்றால் இரண்டு படி ஒரேயடியாக ஏற 4286 வேண்டும். அளந்தால் 4260 வருகிறது. அந்த 26 குறைவு ஏன்? மூலக்கூறை இழுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிணைப்பு அறுந்துவிடும், அதனால் குழியின் ஒரு பக்கம் பரவளையத்தை விட்டு விலகித் தட்டையாகிவிடுகிறது, இடம் கூடுகிறது, மட்டங்கள் நெருங்குகின்றன. 1929-இல் ஃபிலிப் மோர்ஸ் இதற்கென்று ஒரு எளிய வடிவத்தைக் கொடுத்தார், அதற்குத் துல்லியமான விடையும் உண்டு. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் சுமார் 0.025 எ.வோ. மட்டுமே என்பதால் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் அநேகமாக எல்லாமே அடிமட்டத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது மட்டத்தில் நடுவில் துகள் இருக்கவே இருக்காது என்கிறார்கள். பிறகு எப்படி இடமிருந்து வலம் போகிறது?

போவதில்லை. ஒரு சின்னக் குண்டு இங்கும் அங்கும் ஓடுகிறது என்ற படத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டால் கேள்வியே கரைந்துவிடும். அந்த மட்டத்தில் துகளின் அலை இரண்டு பாதிகளிலும் ஒரே சமயத்தில் பரவி இருக்கிறது, நடுவில் ஒரு கணு, அதாவது அலை பூஜ்யமாகிற புள்ளி. நிகழ்தகவு நேரத்தோடு மாறுவதே இல்லை. அசைவு வேண்டும் என்றால் இரண்டு மட்டங்களைக் கலக்க வேண்டும், முதலும் இரண்டாவதும் கலந்த அலை பெட்டிக்குள் இடமும் வலமும் ஊசலாடும், அதன் அதிர்வெண் இரண்டு மட்டங்களின் ஆற்றல் வித்தியாசத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் கிடைக்கும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள் இருந்தால்?

தனித்தனியாக இருந்தபோது இரண்டுக்கும் ஒரே மட்டம். அருகே கொண்டுவந்தால் ஒன்றின் வால் மற்றதைத் தொடுகிறது, அந்த மட்டம் இரண்டாகப் பிரிகிறது. கீழே உள்ளதில் அலை இரண்டு குழிகளிலும் ஒரே குறியோடு இருக்கும், மேலே உள்ளதில் எதிரெதிர்க் குறியோடு இருக்கும். இரண்டிலுமே துகள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இடது குழியில் மட்டும் துகளை வைத்தீர்கள் என்றால் அது இரண்டு மட்டங்களின் கலவை, கொஞ்ச நேரத்தில் வலது குழிக்குப் போய்த் திரும்பி வரும், நடுவில் உள்ள மேட்டின் மேல் ஏறாமலேயே. இப்படி மேட்டை ஊடுருவிப் போவதைத்தான் டனலிங் என்கிறார்கள். ஃப்ரீட்ரிஷ் ஹுண்ட் 1927-இலேயே மூலக்கூறுகளுக்கு இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அம்மோனியா இதற்கு உயிருள்ள சாட்சி. மூன்று ஹைட்ரஜன்கள் ஒரு தளத்தில், நைட்ரஜன் அதற்கு மேலே அல்லது கீழே: இரண்டு குழிகள். நடுமேடு சுமார் 0.25 எ.வோ. உயரம். பிளவு வெறும் 0.0001 எ.வோ., அதிர்வெண்ணில் ஏறத்தாழ 24 கிகாஹெர்ட்ஸ். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸும் கார்டனும் சைகரும் 1954-இல் இந்த இரண்டு மட்டங்களை வைத்துத்தான் நுண்ணலைகளைப் பெருக்கும் கருவியான மேசரை முதன்முதலில் ஓட்டினார்கள், லேசருக்கு அது முன்னோடி.

ஹைட்ரஜனை எல்லாம் டியூட்டீரியமாக மாற்றினால் அதே குழி, அதே மேடு, ஆனால் அதிர்வெண் 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்துவிடுகிறது. நிறை இரட்டித்ததற்கு வேகம் 15 மடங்கு குறைந்திருக்கிறது. டனலிங் என்றாலே இப்படித்தான், நிறையோ அகலமோ உயரமோ கொஞ்சம் மாறினாலும் விளைவு பல மடங்கு மாறும்.

குழிகளை இரண்டோடு நிறுத்தாமல் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு மட்டமும் அத்தனை துண்டுகளாகப் பிரிந்து ஒரு பட்டையாகிவிடும். கோடானுகோடி அணுக்கள் உள்ள படிகத்தில் கடத்தி, கடத்தாப் பொருள், குறைகடத்தி என்ற வேறுபாடு வருவது இந்தப் பட்டைகளிலிருந்துதான்.

டனலிங் நடக்கும்போது துகள் ஆற்றலை இழக்குமா?

இழக்காது. மறுபக்கம் வருகிற துகளின் ஆற்றல் அப்படியே இருக்கும், வருவதற்கான நிகழ்தகவுதான் சிறியது.

எவ்வளவு சிறியது என்பதற்கு ஆல்ஃபா சிதைவைவிட, அதாவது கனமான அணுக்கரு ஒரு ஹீலியம் அணுக்கருவை (ஆல்ஃபா துகளை) வெளியேற்றுவதைவிட, நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அணுக்கருவுக்குள் ஆல்ஃபா துகளுக்கு ஒரு குழி, வெளியே மின்விலக்கு எழுப்பிய உயரமான மேடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232 வெளியிடும் ஆல்ஃபா துகளின் ஆற்றல் சுமார் 4 மில்லியன் எ.வோ., அரை ஆயுட்காலம் 1400 கோடி ஆண்டுகள். அதே தோரியத்தின் சிதைவுத் தொடரில் கடைசிப் பக்கம் வருகிற பொலோனியம்-212 வெளியிடும் ஆல்ஃபாவின் ஆற்றல் 8.8 மில்லியன் எ.வோ., அரை ஆயுட்காலம் நொடியின் பத்து லட்சத்தில் 0.3 பங்கு. ஆற்றல் இரண்டே கால் மடங்குகூட இல்லை, ஆயுட்காலம் 1-க்குப் பின்னால் 24 பூஜ்யம் போட்ட அளவுக்கு மாறுகிறது! துகள் மேட்டின் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் கடக்க வேண்டிய தூரமும் குறைவு, பற்றாக்குறையும் குறைவு, இரண்டும் சேர்ந்து அடுக்குக்குறியில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஆட்டிவைக்கின்றன. 1928-இல் ஜார்ஜ் கேமோவும், தனியாக கர்னியும் காண்டனும் இதை விளக்கியபோது, அணுக்கருவுக்கும் குவாண்டம் விதிகள் பொருந்தும் என்பது உறுதியாயிற்று.

ஆற்றல் சுவரைவிட அதிகமாக இருந்தால் குழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தானே?

வேண்டும். மேலே பறந்து போகிற துகளையும் குழி உணரவைக்கும், ஒரு பகுதி அலை குழியின் விளிம்பிலிருந்து திரும்பி வரும். சில ஆற்றல்களில் மட்டும் இரண்டு விளிம்பிலிருந்தும் திரும்புகிற அலைகள் ஒன்றையொன்று அழித்துவிட, குழி இல்லாதது போலவே துகள் கடந்துபோகும். ஆர்கான், செனான் வாயுக்கள் 1 எ.வோ.-க்கும் குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான்களுக்குக் கிட்டத்தட்ட ஊடுபுகவிடும் பொருளாகிவிடுவதை 1920-களின் தொடக்கத்தில் ராம்சாவரும் டவுன்செண்டும் கண்டார்கள். அங்கே முப்பரிமாணக் கணக்கு கொஞ்சம் வேறு, ஆனால் அதன் வேரும் அலைகளின் இந்த ஒத்திசைவுதான்.

இதெல்லாம் செய்து பார்த்த குழிகளா, காகிதத்தில் மட்டுமா?

செய்து பார்த்தவை. 1974-இல் பெல் ஆய்வகத்தில் டிங்கிலும் சகாக்களும் காலியம் ஆர்சனைடின் மெல்லிய படலங்களில் மட்டங்களை நிறமாலையில் நேரடியாகக் காட்டினார்கள். அந்தப் பொருளுக்குள் எலக்ட்ரான் தன் நிறையில் 0.067 பங்கு மட்டுமே இருப்பதுபோல நடந்துகொள்வதால் 10 நானோமீட்டர் படலத்திலும் விளைவு நன்றாகத் தெரிகிறது. குறைகடத்தி லேசர்களில் பெரும்பகுதி இன்று இப்படிப்பட்ட குழிகளை வைத்துத்தான் செய்யப்படுகிறது.

மூன்று பக்கமும் அடைத்தால் குவாண்டம் புள்ளி. காட்மியம் செலினைடு துகள் சுமார் 2 நானோமீட்டர் இருந்தால் நீலமாக ஒளிரும், 6 நானோமீட்டர் இருந்தால் சிவப்பாக ஒளிரும். பொருள் ஒன்றே, பெட்டியின் அளவு மட்டும் வேறு. எகிமோவ், ப்ரூஸ், பாவெண்டி மூவருக்கும் 2023-இல் இதற்காக வேதியியல் நோபல் கிடைத்தது. 1993-இல் ஐபிஎம் அல்மடன் ஆய்வகத்தில் செம்புப் பரப்பின் மேல் 48 இரும்பு அணுக்களை வட்டமாக அடுக்கி, உள்ளே அடைபட்ட எலக்ட்ரான் அலையைப் படமே எடுத்துவிட்டார்கள்.

துகள் என்று ஒன்றுமில்லாத குழியும் உண்டு. மின்தடையே இல்லாத மீகடத்தி மின்சுற்றில், இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு வைத்த ஜோசப்சன் சந்தி உண்டு. இரண்டு பக்க அலைகளும் எவ்வளவு முன்பின்னாக இருக்கின்றன என்பதைச் சொல்கிற கட்டம் என்ற அளவு சாய்ந்த அலையலையான குழிகளில் உட்கார்ந்திருக்கும், அதற்கும் மட்டங்கள் இருக்கின்றன, அதுவும் டனலிங் செய்து வெளியேறுகிறது. 1980-களின் நடுவில் பெர்க்லியில் கிளார்க், டெவோரெ, மார்டினிஸ் இதைக் காட்டினார்கள், 2025-இன் இயற்பியல் நோபல் அவர்களுக்குத்தான். கையில் பிடிக்கிற அளவுள்ள ஒரு சுற்று, அணுவைப் போல நடந்துகொள்கிறது.

நானே விதவிதமான குழிகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக. பைத்தான் நிரல்மொழியில் இருபது வரி போதும், கட்டாயம் செய்து பாருங்கள். எலக்ட்ரானுக்கு நினைவில் வைக்க வேண்டிய ஒரே எண் 0.0381, அலகு எ.வோ. பெருக்கல் நானோமீட்டர் வர்க்கம். அச்சை 0.01 நானோமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். 0.0381-ஐ 0.01-இன் வர்க்கத்தால் வகுத்தால் 381. ஒரு அணி எழுதுங்கள்: மூலைவிட்டத்தில் 762-உடன் அந்தப் புள்ளியின் நிலையாற்றலைக் கூட்டி வையுங்கள், அதற்கு இரு பக்கத்திலும் −381, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். இந்த அணியின் ஐகன் மதிப்புகள்தான் ஆற்றல் மட்டங்கள், ஐகன் வெக்டர்கள்தான் அலைகள் (அணியால் பெருக்கினாலும் வடிவம் மாறாமல் அளவு மட்டும் மாறுகிற வரிசை ஐகன் வெக்டர், அந்த மடங்கு ஐகன் மதிப்பு).

முதலில் 99 புள்ளிகள், நிலையாற்றல் எல்லா இடத்திலும் பூஜ்யம் என்று வைத்தால் 0.376, 1.50, 3.38 வர வேண்டும். வந்தால் நிரல் சரி. அப்புறம் 5 நானோமீட்டர் அகலம் எடுத்து, நடு 1 நானோமீட்டரில் பூஜ்யமும் வெளியே 1 எ.வோ.-வும் வைத்து 0.19, 0.70 வருகிறதா பாருங்கள். 1 எ.வோ.-க்கு மேலே வருகிற மதிப்புகளை மட்டங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவை உங்கள் 5 நானோமீட்டர் எல்லை உண்டாக்கியவை, எல்லையை மாற்றினால் அவையும் மாறும். அதற்கப்புறம் பரவளையம், சரிவு, இரட்டைக் குழி என்று நிலையாற்றல் வரியை மட்டும் மாற்றினால் போதும். இரட்டைக் குழியில் நடுமேட்டின் அகலத்தை 0.1 நானோமீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே போய்ப் பிளவு எப்படிச் சரிகிறது என்று வரைந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அலையையும் வரையுங்கள். குழிக்குள் அடங்கிய மட்டத்தின் அலை எல்லைக்கு வரும்போது பூஜ்யத்துக்குத் தேய்ந்திருக்க வேண்டும். தேயாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அகலத்தைக் கூட்டித் திரும்ப ஓட்டுங்கள், விளிம்பை ஒட்டிய மட்டங்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.